சுவரின் பின்பக்கம்: ஆரியசாலை வீட்டில் ஒரு மீன் அறை

சுவரில் பதித்த மீன் தொட்டிக்கு இரண்டு பக்கம் உண்டு. கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரிவது சட்டம் போட்ட படம் போன்ற முன்பக்கம். நீரும் வெளிச்சமும் மீனும் தவிர அங்கே வேறொன்றும் தெரியாது. சுவருக்கு அந்தப்புறம் ஒரு சிறு அறை. பம்பு, குழாய், வடிகட்டி, குஞ்சுத் தொட்டிகள், வலை, வாளி, மருந்துப் புட்டி எல்லாம் அங்கேதான். அந்தப் பின்னறைக்குப் பெயர்தான் மீன் அறை. முன்பக்கம் எத்தனை காலம் தெளிவாக இருக்கும் என்பது பின்பக்கத்தின் கையில் இருக்கிறது. கை நுழைய இடம் விடாமல் சுவரோடு சுவராகக் கட்டிய தொட்டியைக் கழுவ முடியாது. கழுவ முடியாத தொட்டி சீக்கிரமே வற்றிப்போய், பொம்மை அடுக்கும் மாடமாகிவிடும். ஆகவே அறையை முதலில் திட்டமிட்டு, தொட்டியை அதற்கு ஏற்றபடி அமைப்பதே சரியான வரிசை.

மீன் அறை பற்றிய கையேடுகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. கண்ணாடித் தொட்டியில் நீர்த்தாவரமும் மீனும் ஒன்றையொன்று தாங்கி வாழ முடியும் என்று ராபர்ட் வாரிங்டன் லண்டன் வேதியியல் சங்கத்துக்கு எழுதியது 1850-இல். லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் இல்லம் திறந்தது 1853-இல். அந்த மரபில் வந்த நூல்கள் சுவருக்கும் கூரைக்கும் தெர்மோகோல் ஒட்டி, கதவிடுக்கை அடைத்து, அறையையே சூடாக்கச் சொல்கின்றன. திருவனந்தபுரத்தில் அந்த அறிவுரையை அப்படியே கவிழ்த்துப் போட வேண்டும். இங்கே மீன் அறையின் எதிரிகள் குளிரும் பனியும் அல்ல, புழுக்கமும் ஈரமும்தான்.

நகரின் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைவீதி, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கியது. அதை ஒட்டிய பகுதி ஆரியசாலை. நவராத்திரிக்குக் குமாரகோவிலிலிருந்து எழுந்தருளும் வேளிமலை முருகன் தங்குவது இங்குள்ள பகவதி கோவிலில்தான். தலைமுறைகளாகத் தமிழ் புழங்கும் இந்த வட்டாரத்தின் பழைய வீடுகள் அகலம் குறைந்தவை, நீளம் மிகுந்தவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். இருபுறச் சுவரும் பக்கத்து வீட்டோடு பொதுவாக இருப்பதால், காற்றும் வெளிச்சமும் முற்றத்தின் வழியாகவும் கொல்லையின் வழியாகவும்தான் வரும். நடுவில் உள்ள அறைகள் பகலிலும் இருண்டிருக்கும். மீன் தொட்டிக்கு அந்த இருட்டு நல்லது: நேர்வெயில் படாத தொட்டியில் பாசி குறைவு, சூடும் குறைவு. கூடத்துக்கும் கொல்லைப்பக்க அறைக்கும் நடுவிலுள்ள குறுக்குச் சுவரே தொட்டி பதிக்க மிகவும் ஏற்றது. முகம் கூடத்தைப் பார்க்கும். முதுகு கொல்லையைப் பார்க்கும். தண்ணீர் கொண்டுவரவும் வெளியேற்றவும் வழி கிட்டத்திலேயே இருக்கும். பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவரில் மட்டும் கை வைக்கக் கூடாது. அந்த வீட்டுக்காரர் சம்மதித்தாலும், இரண்டு வீட்டு உத்திரத்தையும் தாங்கும் சுவர் அது.

எடைக் கணக்கைப் பார்த்த பிறகுதான் அளவை முடிவு செய்ய வேண்டும். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள தொட்டியை உதாரணமாகக் கொள்வோம். விளிம்பு வரை நிரப்பினால் ஏறத்தாழ 680 லிட்டர். தண்ணீரே 680 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடியில் செய்த வெறுந்தொட்டி 120 கிலோவைத் தாண்டும். மணல், கல், தாங்கி எல்லாம் சேர ஒரு டன்னை நெருங்கிவிடும். அத்தனையும் 12 சதுர அடித் தரையில் இறங்குகிறது. வீட்டு அறைகளின் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 வைக்கும் சுமைக் கணக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. தொட்டி அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் அழுத்துகிறது. எனவே மாடியில் இவ்வளவு பெரிய தொட்டியைப் பொறியாளர் ஒருவர் உத்தரத்தையும் தளத்தையும் பார்த்துச் சொல்லாமல் வைக்கக் கூடாது. தரைத்தளமே பாதுகாப்பு. அங்கும் பழைய வீட்டின் தரைக்கு அடியில் இருப்பது நிரப்பு மண். ஒரு மூலை அரை அங்குலம் இறங்கினால் போதும், கண்ணாடி முறுக்கேறி வெடித்துவிடும். தாங்கி நிற்கும் இடத்தில் தரையை வெட்டி, மண்ணைக் கெட்டிப்படுத்தி, கம்பி கட்டிய கான்கிரீட் தளம் ஒன்றைத் தாங்கியைவிடச் சற்றுப் பெரிதாகப் போட்டுக்கொள்வது நல்லது.

தாங்கிக்கு இரும்புச் சட்டம்தான் பலரும் முதலில் நினைப்பது. கடலோர நகரத்தின் ஈரக்காற்றில், நீர் தெறிக்கும் மூலையில், அது உள்ளிருந்தே துருப்பிடிக்கும். மரத்தைச் சிதல் விடாது. செங்கல்லையும் சிமெண்டையும் கொண்டு மூன்று குட்டைச் சுவர்கள் எழுப்பி, மேலே கருங்கல் பலகை போட்டால் ஒரு தலைமுறைக்குக் கவலையில்லை. பலகை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, அதன்மேல் அரை அங்குலத் தெர்மோகோல் அட்டை விரித்து, அதன்மேல் தொட்டியை வைப்பார்கள். கல்லில் உள்ள சிறு மேடுபள்ளத்தை அட்டை வாங்கிக்கொள்ளும்.

சுவரைத் திறப்பது இந்த வேலையிலேயே மிக நிதானம் வேண்டிய கட்டம். இங்குள்ள பழைய சுவர்களில் வெட்டுக்கல் நிறைய உண்டு. நிலத்தில் இருக்கும்போது கோடரியால் செதுக்கும் அளவுக்கு மென்மையாக இருந்து, காற்றுப்பட்டதும் இறுகும் சிவந்த கல் அது. பிரான்சிஸ் புக்கானன் மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புறத்தில் அதைக் கண்டு, செங்கல்லுக்குரிய லத்தீன் சொல்லிலிருந்து லேட்டரைட் என்று பெயரிட்டு 1807-இல் எழுதினார். வெட்டுக்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. சுவரில் 6 அடி அகலத்துக்கு ஓட்டை போட்டால், மேலே உள்ள கற்களைத் தாங்க லிண்டல் வேண்டும். முதலில் முட்டுக்கொடுத்து, சுவரின் பாதிக் கனத்துக்கு மட்டும் வெட்டி ஒரு லிண்டல் செருகி, அது இறுகிய பிறகு மறுபாதியை வெட்டி இன்னொன்று செருகி, கடைசியில்தான் கீழே உள்ள கல்லை எடுப்பது முறை. லிண்டல் இருபுறமும் குறைந்தது 20 சென்டிமீட்டராவது சுவரில் உட்கார வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரில் அதிர்வு தரும் பெரிய டிரில்லைவிட உளியும் சுத்தியலுமே நல்லவை.

திறந்த ஓட்டையில் தொட்டியைச் செருகிச் சாந்து பூசி அடைத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. தொட்டி சுவரைத் தொடவே கூடாது. அது தன் தாங்கியில் தனியாக நிற்கும். சுவர் அதைச் சுற்றித் தனியாக நிற்கும். நடுவில் சுற்றிலும் 1 முதல் 2 சென்டிமீட்டர் இடைவெளி. கூடத்துப் பக்கம் அந்த இடைவெளியை மறைக்க ஒரு தேக்குச் சட்டம், அதுவும் திருகாணியைக் கழற்றினால் வந்துவிடும்படி. சுவர் மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும், வெயிலில் காயும். கண்ணாடி அதோடு சேர்ந்து அசையாது. பின்னால் ஒருவர் குனிந்து நிமிர 75 சென்டிமீட்டர் இடமும், தொட்டியின் வாய்க்கு மேல் கையும் வலையும் நுழைய 45 சென்டிமீட்டர் உயரமும் விட்டால் போதும். இந்த இரண்டு அளவுகளைக் குறைத்துக்கொள்ளும்படி யார் சொன்னாலும் கேட்காமல் இருப்பது நல்லது.

கண்ணாடியின் கனத்தை முடிவு செய்வது நீரின் உயரம். 6 அடி நீளமும் 2 அடி உயரமும் உள்ள முன்கண்ணாடியை நீர் வெளிநோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 340 கிலோ எடைக்குச் சமம். நீளத்தை இரட்டித்தால் விசையும் இரட்டிக்கும், அவ்வளவே. உயரத்தை 2 அடியிலிருந்து 3 அடியாக்கினாலோ விசை இரண்டே கால் மடங்காகிவிடும். உயரமான தொட்டி கூடத்தில் கம்பீரமாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் தரையில் கிடக்கும் கல்லை எடுக்கத் தோள்வரை கை நனைக்க வேண்டும். காற்று படும் நீர்ப்பரப்பும் அதிகமாகாது. நீளமும் அகலமும்தான் மீனுக்குத் தேவை. அகலத்தில் கஞ்சத்தனம் கூடாது என்பதற்கு ஒளியியல் காரணமும் உண்டு. நீரின் ஒளிவிலகல் எண் 1.33 ஆகையால், நேரே பார்ப்பவருக்குத் தொட்டியின் ஆழம் முக்கால் பங்காகச் சுருங்கித் தெரியும். 60 சென்டிமீட்டர் அகலம் கூடத்திலிருந்து 45 போலத்தான் படும்.

2 அடி உயரத்துக்கு 12 மில்லிமீட்டர் கண்ணாடியும் மேல்விளிம்பில் குறுக்குப் பட்டைகளும் வழக்கம். முன்கண்ணாடிக்கு மட்டும் இரும்புச்சத்து குறைந்த தெளிகண்ணாடி வாங்கினால் பச்சைச்சாயல் இருக்காது. நீர் வழிந்து இறங்கும் துளையைக் கண்ணாடி ஒட்டும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். டெம்பர் செய்த கண்ணாடியில் துளை போட முடியாது, போட்டால் தூளாகிவிடும். சாலையின் குறுகிய சந்துகளில் 6 அடித் தொட்டியைச் செய்துகொண்டுவந்து ரேழியில் திருப்பி உள்ளே நுழைப்பது பெரும்பாடு. கண்ணாடிப் பலகைகளாகக் கொண்டுவந்து, நிற்கப்போகும் இடத்திலேயே ஒட்டுவது எளிது. உலரும்போது காடி வாசனை அடிக்கும் சிலிக்கான்தான் மீன் தொட்டிக்கு உரியது. குளியலறைக்கென்று பூஞ்சைக்கொல்லி கலந்து விற்கும் சிலிக்கான் மீனைக் கொல்லும். ஒட்டி ஒரு வாரம் உலரவிட்டு, பிறகு நிரப்பி இன்னொரு வாரம் கசிவு பார்த்து, அதன்பின்தான் தேக்குச் சட்டத்தைப் பொருத்த வேண்டும்.

இனி வெப்பம். திருவனந்தபுரத்தில் மார்ச், ஏப்ரலில் பகல் வெப்பம் 33 டிகிரியை ஒட்டியிருக்கும். ஆண்டின் குளிர்ந்த இரவுகளிலும் 20-க்குக் கீழே இறங்குவது அரிது. அறைக்குள் உள்ள நீர் பெரும்பாலும் 27-க்கும் 30-க்கும் நடுவில் நிற்கும். ஹீட்டருக்கு இங்கே வேலையில்லை. ஆனால் நீர் சூடாக ஆக, அதில் கரையும் உயிர்வளி குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் இடத்தில் 30 டிகிரியில் ஏழரைதான் கரையும். அதே சூட்டில் மீனின் உடல் கூடுதல் உயிர்வளி கேட்கும். வரவு குறைந்து செலவு கூடுகிறது. அதனால்தான் ஊட்டியில் பத்து மீன் வாழும் தொட்டியில் இங்கே ஆறு மீன்தான் நிம்மதியாக வாழும்.

நீர்ப்பரப்பின் மேல் சிறு விசிறி வைத்தால் நீர் ஆவியாகிக் குளிரும். ஒரு லிட்டர் ஆவியானால் 680 லிட்டர் தொட்டி கணக்குப்படி 0.8 டிகிரி இறங்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் குளிர்ச்சிக்குக் காற்றின் ஈரம் எல்லை போடுகிறது. வெளியே 32 டிகிரியும் 70 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் ஈரக்குமிழ் வெப்பநிலை 27-க்குச் சற்று மேலே நிற்கும். எத்தனை விசிறி சுற்றினாலும் நீர் அதற்குக் கீழே போகாது. மதுரையில் விசிறியால் முடிவது ஆரியசாலையில் முடியாது. ஆவியான நீர் எங்கும் போய்விடுவதுமில்லை. கதவை மூடினால் அது அறைச் சுவரிலேயே படிந்து, பூஞ்சணமாகிப் புத்தகத்திலும் துணியிலும் ஏறும், மரச்சட்டத்தை உப்ப வைக்கும். ஆகவே மீன் அறைக்கு வெளிக்காற்று வந்துபோகும் பாதை கட்டாயம். கொல்லைப்பக்கக் கதவின் அடியில் கொசுவலை போட்ட திறப்பு, எதிர்ச்சுவரின் உச்சியில் எக்ஸாஸ்ட் விசிறி. சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு, சாயமடித்த பலகைக்குப் பதில் கல் அல்லது பிளாஸ்டிக் தட்டுகள், தொட்டிக்குக் கண்ணாடி மூடி. மூடி ஆவியைத் தடுத்துச் சூட்டைச் சற்றுக் கூட்டும். மீன் துள்ளி வெளியே விழாமலும் காக்கும். இரண்டில் ஒன்றைத் தேர வேண்டுமென்றால் மூடியோடு இருப்பதே மேல். சூட்டைத் தாங்கும் மீனைத் தேர்ந்துகொண்டால் பிரச்சினை தீர்ந்தது.

தண்ணீர் இந்த ஊரின் பெரும் வரம். நகரக் குழாய் நீரின் மூலம் கரமனையாறு. அருவிக்கரையில் தேக்கி நகருக்குக் கொண்டுவரும் திட்டம் 1933-இல் தொடங்கியது. வைஸ்ராய் வில்லிங்டன் பெயரால் வழங்கியது. அகத்தியர் மலைப்பக்கம் பாறையில் ஓடி வருகிற ஆற்றில் சுண்ணமும் உப்பும் குறைவு. சென்னையிலும் ராமநாதபுரத்திலும் உப்புநீரோடு மல்லாடுகிற மீன் வளர்ப்பவர் பார்த்து ஏங்கும் நீர் இது. ஆனாலும் குழாயிலிருந்து நேரே தொட்டியில் விடக்கூடாது. கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரின் வீட்டுக் குழாய்வரை லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தரம். மனிதருக்கு அது ஒன்றுமில்லை, மீனின் செவுளை அது எரித்துவிடும். 200 லிட்டர் டிரம்மில் நீர் பிடித்து, காற்றுக்கல் போட்டு ஒரு நாள் விட்டால் குளோரின் போய்விடும். அவசரத்துக்குச் சோடியம் தயோசல்பேட் இருக்கிறது. டிரம்மை மூடி வைப்பது கட்டாயம். திறந்த நீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பத்து நாளுக்குள் பறந்துவிடும். மீன் வளர்க்கப் போய்த் தெருவுக்கே காய்ச்சல் கொடுத்ததாகிவிடும். மூட முடியாத தொட்டியில் இரண்டு மானத்துக்கண்ணிகளை விட்டுவைக்கலாம். உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் இந்தச் சிறுமீன் கொசுப்புழுவைத் தேடித் தின்னும்.

மென்னீருக்கு ஒரு பலவீனமும் உண்டு. தொட்டியில் மீன் கழிவிலிருந்து அம்மோனியா பிறக்கும். ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். இந்த வேலை நடக்கும்போது அமிலம் பிறந்து நீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே வரும்: ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 7 கிராம் சுண்ணக் காரம். கடினநீரில் இந்தச் செலவு தெரியாது. இந்த ஊர் ஆற்றுநீரிலும் வெட்டுக்கல் நிலத்துக் கிணற்றுநீரிலும் கையிருப்பே குறைவு. ஒரு நாள் அது தீர்ந்ததும் பி.எச். அளவு சட்டென்று 6-க்குக் கீழே விழும், பாக்டீரியா வேலையை நிறுத்தும், மீன் மூலையில் ஒதுங்கி மூச்சுவாங்கும். பார்ப்பவருக்கு நீர் கண்ணாடிபோலத் தெளிவாகவே தெரியும். மருந்து கடலோரத்திலேயே கிடைக்கிறது. காயல்களில் வாரி எடுக்கும், மலையாளத்தில் கக்கா என்னும் கிளிஞ்சல் ஓட்டைக் கொதிநீரில் அலசி, வலைப்பையில் ஒரு கிலோ கட்டி வடிகட்டியில் போட்டுவைத்தால், நீர் அமிலமாகும்போதெல்லாம் அது கரைந்து ஈடுகட்டும்.

பதித்த தொட்டிக்கு வடிகட்டி சம்ப்தான். தாங்கிக்கு அடியில் வைக்கும் இன்னொரு தொட்டி அது. மேலே மிகும் நீர் துளை வழியாக இறங்கி, பஞ்சு, பீங்கான் வளையம், கிளிஞ்சல் என்று கடந்து, பம்பால் மேலே ஏறும். மணிக்கு 2,500 முதல் 3,000 லிட்டர் ஏற்றும் பம்பு 680 லிட்டர் தொட்டிக்குச் சரி. கூடத்துக்கு வடிகட்டியின் எந்த உறுப்பும் தெரியாது, சத்தமும் கேட்காது. சம்ப்பில் பலர் தவறவிடுவது மின்சாரம் போகும் நேரத்தைத்தான். பம்பு நின்றதும் துளையின் மட்டம்வரை உள்ள நீர் கீழே இறங்கும். இந்த அளவுத் தொட்டியில் ஒவ்வோர் அங்குல நீரும் 28 லிட்டர். இரண்டு அங்குலம் இறங்கினால் 56 லிட்டர். அதற்குச் சம்ப்பில் காலியிடம் இல்லையென்றால் தரையில்தான் ஓடும். மேலேற்றும் குழாயின் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, மட்டத்தை ஒட்டிக் குழாயில் ஒரு சிறு துளை போட்டுவிட்டால், காற்று புகுந்து நீர் பின்னோக்கி உறிஞ்சப்படுவது நின்றுவிடும். தொட்டியில் மீன் விடும் முன் பத்துமுறையாவது பிளக்கைப் பிடுங்கிச் சோதிக்க வேண்டிய விஷயம் இது.

பின்னறைத் தட்டுகளில் இருக்கும் சிறு தொட்டிகளுக்குச் சம்ப் வேண்டாம். 2 அடி நீளம், ஓரடி அகல உயரத்தில் ஆறு தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பாஞ்ச் வடிகட்டி, அத்தனைக்கும் ஒரே ஏர் பம்பு. பம்பிலிருந்து கிளம்பும் பி.வி.சி. குழாய் அறையைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேர்ந்தால் எல்லாத் தொட்டிக்கும் காற்றழுத்தம் ஒரே மாதிரி கிடைக்கும். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே மாட்ட வேண்டும். கீழே இருந்தால் மின்சாரம் போனதும் நீர் குழாய் வழியாக அதற்குள் இறங்கும். ஏர் பம்பு தின்னும் மின்சாரம் மிகச் சொற்பம். வீட்டு இன்வெர்ட்டரில் அதற்கு மட்டும் ஓர் இணைப்பு கொடுத்துவிட்டால் இடிமழை இரவிலும் மீன் மூச்சுவிடும். பெரிய தொட்டிக்கும் அந்தக் குழாயிலிருந்து ஒரு காற்றுக்கல் போட்டுவைக்கலாம்.

நீரும் மின்சாரமும் ஒரே அறையில் இருக்கும்போது மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆடம்பரம் அல்ல. ஈரக்கையோடு தொட்டியில் கை விடுபவரின் உயிருக்கு அதுவே காவல். பிளக் பலகை எல்லாம் இடுப்புக்கு மேலே, நீர் தெறிக்காத சுவரில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறினால், வயரோடு வழிந்துவரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கனமழையில் தம்பானூரும் கிள்ளியாற்றங்கரையும் நீர் கட்டும் பகுதிகள். வடிகால் ஆக்கிரமிப்புகளை அகற்ற 2015-இல் ஆபரேஷன் அனந்தா என்ற பெரும் நடவடிக்கையே நடந்தது. தாழ்வான வீட்டில் சம்ப் பம்பின் இணைப்பைத் தரையில் போடக் கூடாது.

எல்லாம் ஓடத் தொடங்கியபின் மீன் இல்லாமல் காத்திருப்பதுதான் கடினமான வேலை. நுண்ணுயிர் வடிகட்டியில் குடியேற வேண்டும். நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றுதான் பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. மீன் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று ஹோவனெக் குழுவினர் 1998-இல் காட்டினர். பெயர் எதுவானாலும் அவை மெதுவாகவே பெருகும். சிறிதளவு மீன் தீவனத்தை அழுகவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்குவதைச் சோதனைத் துளிகளால் பார்த்துக்கொண்டு, இரண்டும் பூச்சியமானதும் மீன் விடலாம். இங்குள்ள சூட்டில் மூன்று, நான்கு வாரம் ஆகும். நன்றாக ஓடும் இன்னொரு தொட்டியின் அழுக்குப் பஞ்சைக் கொண்டுவந்து போட்டால் பாதி நாளில் முடியும். புட்டியில் விற்கும் எந்தத் திரவத்தையும்விட அந்த அழுக்குக்கு மதிப்பு அதிகம்.

எந்த மீன் என்ற கேள்வி வரும்போது கேரளத்தில் முதலில் நினைவுக்கு வருவது மிஸ் கேரளா. வெள்ளி உடலில் கறுப்புக் கோடும் அதன்மேல் செங்கோடும் ஓடும் அந்த மீனை முண்டக்கயத்திலிருந்து பெற்று 1865-இல் விவரித்தவர், சென்னை ராணுவ மருத்துவர் பிரான்சிஸ் டே. அன்றைய சென்னை ஆளுநர் வில்லியம் டெனிசன் பெயரை அதற்கு வைத்தார். அழகிலே குறையில்லை. ஆனால் அது மேற்குத்தொடர்ச்சி மலையின் குளிர்ந்த ஓடைகளில், பாறைக்கிடையே நீர் பாய்கிற இடத்தில் வாழ்வது. 25 டிகிரிக்கு மேல் அது தளரும். பெயரில் கேரளம் இருப்பதால் கடலோரக் கேரளம் அதற்கு ஒத்துக்கொள்ளும் என்று எண்ணுவது தவறு. நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் அதை ஆரியசாலையில் வைப்பது கொடுமை. சில்லர் வைத்தாலோ அது நீரிலிருந்து பிடுங்கும் சூட்டை அறைக்குள்ளேயே கொட்டும். மேலும் அது அழியும் ஆபத்தில் உள்ள இனம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகள் 2022-இல் திருத்தப்பட்டிருக்கின்றன. மேற்குத்தொடர்ச்சி மலை மீன் எதுவானாலும் அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும், அதுவும் பண்ணையில் பொரித்த குஞ்சாக.

இந்தச் சூட்டுக்கென்றே பிறந்தது கரிமீன். 2010-இல் கேரளத்தின் மாநில மீனாக அறிவிக்கப்பட்டது. வெள்ளாயணி ஏரியின் நன்னீரிலும் காயல்களின் உவர்நீரிலும் ஒன்றுபோல வாழும். வாழையிலையில் பொரித்து மட்டுமே அதை அறிந்தவர்கள், தொட்டியில் அதன் பச்சைச் செதிலில் முத்துப்புள்ளிகள் வெளிச்சத்தைப் பிடிப்பதைப் பார்த்தால் வியந்துபோவார்கள். ஓரடிக்கு மேலும் வளரக்கூடியது, கூட்டமாக இருக்க விரும்புவது. அதனால்தான் 6 அடித் தொட்டி. செடியை மேய்ந்துவிடும், மணல், உருளைக்கல், மரவேர் மட்டும் போதும். ஆணும் பெண்ணும் சேர்ந்து முட்டையைக் காவல் காத்துத் துடுப்பால் விசிறும் காட்சிக்காகவே இந்த மீனை வளர்க்கலாம். கூடவே அதன் சிறிய உறவான பல்லத்தியை விடலாம். மஞ்சள் உடலில் கறுப்புப் பொட்டு வைத்த இந்த மீன், கரிமீனின் துடுப்புகளில் ஒட்டியிருப்பதைக் கொத்திச் சுத்தம் செய்யும். இயற்கையிலும் இது நடப்பதை ஆய்வாளர்கள் 1970-களில் பதிவு செய்தார்கள். கரிமீன் முட்டையிடும் நாட்களில் மட்டும் பல்லத்தியைப் பின்னறைக்கு மாற்றுவது நல்லது. சந்தர்ப்பம் கிடைத்தால் முட்டையையும் அது கொத்தும்.

பின்னறைத் தட்டில் வைக்கத் தகுந்த இன்னொரு மீனின் அறிவியல் பெயரிலேயே இந்த நாடு இருக்கிறது. 1941-இல் ஹோராவும் நாயரும் விவரித்த குள்ளப் பேத்தை மீனுக்கு அவர்கள் வைத்த இனப்பெயர் திராவன்கோரிகஸ், அதாவது திருவிதாங்கூருக்குரியது. பம்பை போன்ற ஆறுகளில் வாழும் இது ஓர் அங்குலமே இருக்கும். கண்களைத் தனித்தனியே உருட்டி, நத்தையைத் தேடி, ஓட்டோடு கடித்து உறிஞ்சும். மற்ற மீன்களின் வாலைக் கடிப்பதால் தனித்தொட்டிதான் அதற்குச் சரி. இதுவும் இயற்கைச் சூழலில் குறைந்துவரும் இனம்; பண்ணைக் குஞ்சையே கேட்டு வாங்க வேண்டும்.

கடையிலிருந்து வரும் எந்த மீனும் முன்பக்கத் தொட்டிக்கு நேரே போகக் கூடாது. சென்னைக் கொளத்தூர்ச் சந்தையிலிருந்து வந்தாலும் பக்கத்துத் தெருவிலிருந்து வந்தாலும், பின்னறையில் தனித்தொட்டி ஒன்றில் மூன்று வாரம் இருக்க வேண்டும். அந்தத் தொட்டிக்குத் தனி வலை, தனி குழாய். வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி இந்தச் சூட்டில் ஒரு வாரத்துக்குள் தன் சுற்றை முடித்துவிடும் என்பதால், ஒளிந்திருக்கும் நோய் மூன்று வாரத்தில் வெளியே தெரிந்துவிடும். பின்னறை இருப்பதன் மிகப்பெரிய பயன் இதுதான். கூடத்துத் தொட்டிக்குள் நோய் நுழைந்துவிட்டால் 680 லிட்டருக்கும் மருந்து ஊற்ற வேண்டிவரும்.

வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவது போதுமான பராமரிப்பு. 140 லிட்டர் அளவு. விளக்கு நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டாம். எடுக்கும் நீரில் நைட்ரேட் நிறைந்திருப்பதால் கொல்லையில் உள்ள வாழைக்கும் செம்பருத்திக்கும் அது நல்ல உரம். கிளிஞ்சல் போட்ட நன்னீர்த் தொட்டியின் நீரால் செடிக்குத் தீங்கில்லை. உப்புச் சேர்த்த தொட்டியின் நீரை மட்டும் செடிக்கு விடக்கூடாது.

வடிகாலில் விடும் நீரில் ஒரு மீன்குஞ்சும் முட்டையும் போகக் கூடாது. வளர்ந்து பெரிதாகிவிட்டதென்று யாரோ கைவிட்ட சக்கர் மீன்கள்தான் இன்று நகர நடுவே ஓடும் ஆமையிழஞ்சான் ஓடையில் தாமே பெருகிக் கரையைத் துளைத்துக்கொண்டிருக்கின்றன. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் குளங்களிலிருந்து தப்பிய அரபைமா என்னும் வெளிநாட்டு மீன் கேரள ஆறுகளில் வலையில் சிக்கியது. ஆரியசாலை வடிகால் சேரும் கிள்ளியாறு கரமனையாற்றில் கலக்கிறது. கரிமீனும் பல்லத்தியும் சொந்தமாக வாழும் நீர் அது. சக்கர் மீனையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் வாங்காமலே இருக்கலாம். இடம் போதாத மீனைக் கடைக்கோ இன்னொரு வளர்ப்பாளருக்கோ கொடுத்துவிட வேண்டும். கொல்லைச் சாக்கடை வாயில் இரட்டை மடிப்புக் கொசுவலையை இறுக்கிக் கட்டி, நீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றி உதறி மீண்டும் கட்ட வேண்டும்.